ஏழாம் பாகம் இருந்த வீடு

கலியாணம் முடிந்து பன்னிரண்டாம் நாள் நான் பரந்தனில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். என்னோடு ஒரு றங்குப்பெட்டியும் ஒரு பாயும் வந்தன. பெட்டியைத் தூக்கிப் பார்த்த அவர், "இதுக்குள்ள என்ன, கல்லோ?" என்று கேட்டார். அந்தப் பன்னிரண்டு நாளில் அவர் என்னோடு பேசிய மிக நீளமான வசனம் அதுதான்.

"புத்தகம்," என்றேன்.

அவர் பெட்டியைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டி உருட்டிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்தவர்களுக்குக் குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் காணி கொடுத்திருந்தார்கள். அவரும் அப்படி வந்தவர். நான் வருவதற்கு முன் இரண்டு வருடம் அந்தக் காணியில் தனியாகவே இருந்திருக்கிறார். தனியாக இருந்ததில் பேச்சு மறந்துவிட்டதோ, இயல்பே அப்படித்தானோ, எனக்குத் தெரியவில்லை. கோபக்காரர் அல்ல. சோறு வைத்தால் சாப்பிடுவார், சோற்றுக் கோப்பையைத் தானே கழுவி வைப்பார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வயலில் எருதுகளோடு அவர் பேசுவது கேட்கும். வீட்டுக்குள் வந்தால் அதுவும் இல்லை. பகல் முழுக்க நான் என் குரலையே கேட்காமல் இருந்த நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் றங்குப்பெட்டியைத் திறந்து புத்தகங்களை எடுத்து வைத்துக்கொள்வேன்.

ஆறு புத்தகங்கள். ஒரே கதையின் ஆறு பாகங்கள். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த என் அண்ணா ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பாகம் கொண்டுவருவார். மாயக்கதை. ஒரு மந்திரவாதி ஒரு நாட்டின் ஆற்றையே திருடிக்கொண்டு போய் மலைகளுக்கு அப்பால் மறித்து வைத்துவிடுகிறான். அதை மீட்கக் குயவன் மகள் ஒருத்தி புறப்படுகிறாள். அவளுக்குத் துணையாகச் சிறகு முளைத்த வெள்ளை எருது ஒன்று. இருட்டுக்குப் பயந்த பூதம் ஒன்று. ஆறாம் பாகத்தின் கடைசியில் அவள் போக வழிவிடுவதற்காகப் பூதம் ஒரு மலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவள் கோட்டை வாசலை அடைவாள். 'ஏழாம் பாகம் பார்க்க' என்று போட்டிருக்கும். அந்த ஏழாம் பாகம் என்னிடம் இல்லை. அது வெளிவருவதற்குள் அண்ணாவின் வேலை மலைநாட்டுக்கு மாறிவிட்டது.

மாரி மழையோடு வரும் முதலாவது காலபோக விதைப்புக்கு வரம்பு கட்டும்போது அவர் காலில் மண்வெட்டி பட்டுவிட்டது. ஆழமான வெட்டு. பத்து நாளைக்குச் சேற்றில் கால் வைக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விறாந்தையில் கதிரையில் இருந்தபடி அவர் வானத்தையும் வயலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் புத்தகத்தில ஒண்டைத் தாரும்."

முதலாம் பாகத்தைக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். விரலை வரியின் கீழ் வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். அன்று பதினொரு பக்கம் போனது. மாலையில் நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எழுதின ஆளுக்குக் குளத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஒரு ஆத்துத் தண்ணி முழுக்க மறிச்சு வச்சிருக்கிறான், மிஞ்சிற தண்ணி வான் பாய ஒரு வழி வைக்கேல்லை. ஒரு மாரிக்கு நிக்குமே அந்த அணை?"

"அவன் மந்திரவாதியெல்லே," என்றேன்.

"மந்திரவாதி எண்டாலும் மண் மண்தானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் குசினியில் இருந்தபோது விறாந்தையில் ஒரு சத்தம் கேட்டது. புரைக்கேறிவிட்டதாக்கும் என்று தண்ணீரோடு ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரும்படி சிரித்துக்கொண்டு, புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பூதம் நாற்பது பானைச் சோற்றையும் தின்றுவிட்டு, கூச்சத்தோடு, "கொஞ்சம் தயிர் இருக்குமா?" என்று கேட்கும் இடம். அவர் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. ஓர் ஆளின் சிரிப்பைக் கேட்காமலே அவரோடு இரண்டு மாதம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கால் ஆறிவிட்டது. வாசிப்பு நிற்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டபின் கொஞ்ச நேரம், வயலால் வந்து கால் முகம் கழுவியபின் வெளிச்சம் இருக்கும்வரை கொஞ்ச நேரம். சாப்பாட்டின்போது பேச எங்களுக்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்.

"அந்தப் பூதத்தை நம்பலாமோ?"

"நான் சொல்லமாட்டன்."

"சொல்லாதையும். நான் கேட்டாலும் சொல்லாதையும்."

ஒரு பிடி சோறு சாப்பிட்டுவிட்டு, "நம்பலாமோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லும்" என்பார்.

எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. அந்த வீட்டில் எல்லாமே அவருக்குத்தான் தெரியும். எந்த மரத்தின் கீழ் பாம்புப் புற்று, எந்த மேகம் மழை தரும் என்று எல்லாம். எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாதது இது ஒன்றுதான். அவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, குசினி வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்ப்பேன். புருவம் ஏறுவதையும் உதடு நின்றுவிடுவதையும் பார்த்துப் பார்த்துத்தான் நான் அந்த முகத்தைப் படித்தேன்.

நாலாம் பாகத்தில் எருது இறந்துவிடும். மந்திரவாதி ஏவிய நெருப்பில் சிறகு கருகி, ஒரு வறண்ட வெளியில் தனியாக விழுந்து இறக்கும். குயவன் மகள் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அந்த இடம் வருகிறது என்று எனக்குத் தெரியும். அன்றும் குசினி வாசலில்தான் நின்றேன்.

அவர் விரல் நின்றது. அதே வரியை இரண்டாம் முறை வாசித்தார். பிறகு புத்தகத்தை மெல்ல மூடிக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போனார்.

பதினொரு நாள் அவர் புத்தகத்தைத் தொடவில்லை. பேச்சும் பழையபடி நின்றுவிட்டது. எருதுகளை வாய்க்காலுக்குக் கொண்டுபோய்க் காலையிலும் பின்னேரமும் கழுவினார். பன்னிரண்டாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"உமக்கு முதலே தெரியுமெல்லே?"

"ஓம்."

"தெரிஞ்சும் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டனீர்."

விளையாட்டாக நினைத்தது விளையாட்டில்லை என்று விளங்கியது. "சொல்ல வேண்டாம் எண்டு நீங்கள்தானே..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

அவர் பதறிப்போனார். கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரே நிலத்தில் இருந்தார். "சரி, சரி. அழாதையும். உமக்கு அதை வாசிக்கேக்க என்ன செய்தது? அதைச் சொல்லும்."

சொன்னேன். கிணற்றடியில் போய் ஒளித்திருந்து அழுததையும், தண்ணீர் அள்ளப் போனவள் வெறுங்குடத்தோடு வந்தாள் என்று அம்மா அடித்ததையும், எதற்காக அழுதேன் என்று கடைசிவரை நான் சொல்லாததையும். ஒரு மாட்டுக்காக, அதுவும் புத்தகத்தில் உள்ள மாட்டுக்காக, அழுதேன் என்று யாரிடம் சொல்வது?

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வளவின் மூலையைக் கை காட்டினார். நான் மிளகாய் காயப்போடும் இடம் அது.

"அதிலதான் தாட்டிருக்கிறன்."

"ஆரை?"

"இஞ்ச வந்த முதல் வருசம் ஒரு எருது கொண்டு வந்தனான். அப்புவின்ர எருது. காடு வெட்டேக்க பாம்பு கடிச்சுப்போட்டுது. நான் விறகுக்குப் போயிருந்தனான். வந்து பாக்க விறைச்சுப்போய்க் கிடக்குது. உதவிக்கு ஒருத்தரும் இல்லை. கிடங்கு வெட்ட ரெண்டு நாள் போச்சு."

மிளகாய்ப் பாயை அடுத்த நாள் வேறு இடத்துக்கு மாற்றினேன். அவர் பார்த்தார். நாலாம் பாகத்தைக் கையில் எடுத்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

ஐந்தாம் பாகமும் போய் ஆறாம் பாகம் வந்தபோது எனக்குப் பயம் பிடித்தது. ஏழாம் பாகம் இல்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். அறுவடைக்குச் சில நாள் முந்தி ஒரு பின்னேரம் அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிவிட்டுக் கையை நீட்டினார்.

"அடுத்ததை எடும்."

"இல்லை."

"என்ன இல்லை?"

"ஏழாம் பாகம் என்னட்டை இல்லை. அண்ணா வாங்கேல்லை."

இந்த முறை ஏச்சு விழும் என்று நினைத்தேன்.

"அப்ப உமக்கும் முடிவு தெரியாதோ?"

"தெரியாது."

"எத்தினை வருசமா?"

"நாலு."

"நாலு வருசமா அந்தப் பூதம் மலையைத் தூக்கிக்கொண்டு நிக்குது," என்றார். அவர் குரலில் இருந்த கவலை உண்மையான கவலை.

அதன்பிறகு தேடத் தொடங்கினோம். அண்ணாவுக்குக் கடிதம் போட்டோம். ஆள் விட்டுக் கேட்டும் கொழும்புக் கடைகளில் இல்லை என்று பதில் வந்தது. அவர் கிளிநொச்சியில் விசாரித்தார். நெல்லுக் கொடுக்க வவுனியாவுக்குப் போனபோது அங்கேயும் விசாரித்தார். முன்பு நாலு சொல் பேசாத மனிதர், தெருவில் கண்ட உபாத்தியாயர்மாரை நிறுத்திப் பூதத்தின் கதையைச் சொல்லி, ஏழாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டார். ஊரில் இரண்டொருவர் சிரித்தார்கள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கடைசியில் செய்தி கருவாட்டோடு வந்தது. கொக்கிளாய்ப் பக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் ஒருவர், நான் வெயிலில் பரப்பி வைத்திருந்த புத்தகங்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அக்கா, இதுமாதிரி ஒண்டு எங்கட பெரியக்காவிட்டக் கிடக்கு. மட்டையில இதே கோட்டைதான். ஆனா இதில மாடு நிக்குது, அதில மாடு இல்லை."

நான் வயலுக்குக் குரல் கொடுத்தேன். அவர் கையில் சேற்றோடு ஓடி வந்தார்.

கோடைச் சிறுபோக விதைப்புக்கு முன் கிடைத்த ஓய்வில் புறப்பட்டோம். பரந்தனில் காலை பஸ் எடுத்து முல்லைத்தீவு போய், அங்கிருந்து மீன் ஏற்றத் திரும்பிப்போகும் லொறியொன்றில் கொக்கிளாய் போனோம். லொறிக்காரருக்கு அருகில் நான், பின்னால் வெறும் மீன்பெட்டிகளுக்கு நடுவில் அவர். போய் இறங்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்புக்கு அருகே கிடுகு வேய்ந்த வீடு. சுவரில் மாதா படம். புருஷன் களப்பின் வாயில் தோணி வைத்து ஆட்களை அக்கரைக்கு ஏற்றி இறக்குபவர். தம்பி முன்பே சொல்லியிருந்ததால் எங்களை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தா. உள்ளே இருத்திவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டா.

"தேத்தண்ணி குடிப்பியளோ?"

அந்தத் தயக்கம் ஏன் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். வயல் செய்யும் கமக்காரக் குடும்பத்தவர்கள் மீன்பிடிக்கும் கரையார் வீடுகளில் தண்ணீர் குடிப்பதில்லை. என் அம்மா அதைச் சொல்லித்தான் என்னை வளர்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர், "பயணத்தில தொண்டை காஞ்சுபோச்சு அக்கா" என்று கையை நீட்டினார். குடித்து முடித்து இன்னும் கொஞ்சம் கேட்டார். நானும் குடித்தேன். இஞ்சி போட்ட தேத்தண்ணி.

பிறகு அந்த அக்கா செபப் புத்தகத்துக்குக் கீழேயிருந்து துணியில் சுற்றிய பொதியொன்றை எடுத்து வந்தா. ஏழாம் பாகம். உப்புக் காற்றில் மட்டை உப்பியிருந்தது.

"தோணியில வந்த ஆரோ விட்டிட்டுப் போட்டினம். வந்து கேப்பினம் எண்டு வச்சிருக்கிறம். இன்னும் வரேல்லை. அதால நான் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை. இஞ்ச இருந்து வாசியுங்கோ."

"நீங்கள் வாசிச்சியளோ அக்கா?" என்று கேட்டேன்.

"பதினைஞ்சு இருபது தரம் வாசிச்சிருப்பன். வீட்டில செபப் புத்தகமும் இதுவும்தானே இருக்கு. ஆனா..." அவ புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினா. "இதில எடுத்த உடன ஒரு பெட்டை கோட்டை வாசலில அழுதுகொண்டு நிக்கிறாள். ஏன் அழுகிறாள் எண்டு எனக்கு இண்டை வரைக்கும் தெரியாது."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "அவளிட்டை ஒரு எருது இருந்தது அக்கா."

அப்படித் தொடங்கினார். புத்தகம் எங்கள் மூவருக்கும் நடுவில் பாயில் கிடந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. முதலாம் பாகத்திலிருந்து சொல்லிக்கொண்டு போனார். ஆறு எப்படித் திருடப்பட்டது, குயவன் மகள் எப்படிப் புறப்பட்டாள், எருதுக்குச் சிறகு எப்படி முளைத்தது என்று கையை விரித்துக் காட்டினார். மந்திரவாதியின் அணைக்கு வான் இல்லாத குறையையும் மறக்காமல் சொன்னார். அக்காவின் புருஷன் தோணியைக் கட்டிவிட்டு வந்து நிலையில் சாய்ந்து நின்று கேட்டார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். என் புருஷனுக்கு இவ்வளவு பேச்சு இருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் ஆச்சரியமாக இருந்திருக்காது. எனக்கு மட்டும்தான் ஆச்சரியம்.

பூதம் தயிர் கேட்ட இடத்தில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டா.

"ஐயோ மாதாவே! நான் இவனைப் பிசாசு எண்டெல்லோ நினைச்சனான். இவன் வாற இடமெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டு வாசிச்சனான். பாவம், நல்லவனே?"

"தங்கமான ஆள் அக்கா," என்றார் அவர்.

எருது இறக்கும் இடம் வந்தது. அவர் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு சொன்னார், எருது விழுந்து கிடந்தபோது குயவன் மகள் ஓடி வந்து சேர்ந்துவிட்டாள் என்று. அதன் தலையை மடியில் எடுத்து வைத்தாள் என்று. தன்னிடம் இருந்த மண்சட்டியில் கடைசித் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள், அது குடித்தது, அவள் கையை நக்கியது, பிறகுதான் கண்ணை மூடியது என்று.

புத்தகத்தில் அப்படி இல்லை. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயக் கதை ஆறாம் பாகத்தின் கடைசியில் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தது. அன்றிரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் விடிந்து, கஞ்சி குடித்த கையோடு, நான் ஏழாம் பாகத்தைச் சத்தமாக வாசித்தேன். அக்கா பக்கத்தில் இருந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே கேட்டா. எல்லாம் அவவுக்கு மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு பக்கத்திலும் கை நின்றது. "ஓ, அதுக்குத்தான் இதோ!" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. இந்த முறை முடிவு தெரிந்தவ அவ. நாங்கள் இருவரும்தான் தெரியாதவர்கள். அவ எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

ஆறு மீண்டும் ஓடியது. பூதத்தால் மலையை விட முடியவில்லை. விட்டால் மலை ஆற்றில் விழுந்துவிடும். அதனால் அது அங்கேயே நின்றுவிட்டது. ஆறு அதைச் சுற்றிப் போனது. குயவன் மகள் வருடம் ஒருமுறை நாற்பது பானைச் சோறும் ஒரு சட்டித் தயிரும் கொண்டுபோய், ஒரு விளக்கை ஏற்றி வைத்து, இருட்டும்போது அதனோடு கூட இருந்தாள்.

நான் புத்தகத்தை மூடினேன். அவர் எழுந்து களப்பு ஓரமாக நடந்து போனார். நான் பின்னால் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "தயிரும் கொண்டுபோயிருக்கிறாள்" என்றார். பிறகு, "நாப்பது பானை. குயவன்ர மகள்தானே, பானைக்குக் குறைவிருக்காது" என்று சிரித்தார். கண் சிவந்திருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அவர், "அந்த அக்காவுக்கு ஆறு பாகத்தையும் வாசிக்கக் குடுக்கவேணும். ஆனா புத்தகம் உம்முடையது. நீர்தான் சொல்லவேணும்" என்றார்.

"குடுப்பம்," என்றேன்.

மாதம் ஒரு பாகமாகக் கருவாட்டுக்காரரின் சைக்கிளில் புத்தகங்கள் போய் வந்தன. திரும்பி வரும்போது பக்கங்களில் மீன் வாடை இருக்கும். கூடவே அக்காவின் செய்தியும் இருக்கும். "பூதம் நான் நினைச்சதிலும் உயரம்" என்று ஒருமுறை. "அந்தப் பெட்டையின்ர தேப்பனை எனக்குப் பிடிக்கேல்லை" என்று ஒருமுறை. நாலாம் பாகம் திரும்பி வந்த அன்று கருவாட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "அண்ணை, பெரியக்கா கேக்கச் சொன்னவ. மாடு தண்ணி குடிச்ச இடம் இதில இல்லையாம். பக்கம் ஏதும் கிழிஞ்சுபோச்சோ எண்டு கேக்கிறா."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"ஓம்," என்றேன் நான். "முதலே கிழிஞ்சுபோச்சு எண்டு சொல்லுங்கோ."

ஏழாம் பாகத்தைத் தேடி ஒருவரும் வரவில்லை. அது கொக்கிளாயிலேயே இருந்தது. எங்களுக்கு மூத்த மகள் பிறந்தபோது அந்த அக்கா வந்து இரண்டு நாள் தங்கிப் போனா. அதற்குப் பிறகு வேறு தொடர்கதைகள் வந்தன, வாரப் பத்திரிகைகளும் வந்தன. எதையும் நான் முதலில் வாசிக்கக்கூடாது என்று அவர் ஒரு சட்டம் போட்டார். வயல் வேலை முடிந்து அவர் வந்தபிறகுதான் இருவரும் சேர்ந்து வாசிக்கவேண்டும். நான் வாசிப்பேன், அவர் மூத்த மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். இடைக்கிடை நான் குசினிக்குள் களவாக இரண்டு பக்கம் முன்னால் பார்த்துவிடுவது உண்டு. அவர் உள்ளே வந்து என் முகத்தை ஒரு முறை பார்ப்பார்.

"நீர் பாத்திட்டீர்," என்பார். "சரி, ஆர் செத்தது?"